கைதியாகி மீண்ட சிப்பாய் ஓடிப்போனவர் என்றால் சம்பளம் கிடைக்குமா? அமெரிக்க ராணுவ விதிகள் சொல்வது என்ன

2014 மே 31 அன்று போ பெர்க்டால் என்ற அமெரிக்கச் சிப்பாயைத் தாலிபான்கள் விடுவித்தார்கள். பதிலுக்குக் குவாண்டனாமோ சிறையில் இருந்த ஐந்து தாலிபான் தலைவர்களை அமெரிக்கா கத்தாருக்கு அனுப்பியது. அதிபர் ஒபாமா பெர்க்டாலின் பெற்றோரை அருகில் நிறுத்திக்கொண்டு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் செய்தியை அறிவித்தார். அந்த மகிழ்ச்சி ஓரிரு நாளில் கரைந்தது. பெர்க்டால் சண்டையில் பிடிபட்டவர் இல்லை, 2009 ஜூன் 30 அன்று ஆப்கானிஸ்தானின் பக்திகா மாகாணத்தில் இருந்த காவல் முகாமை விட்டுத் தானாகவே நடந்து போனவர் என்று அவருடன் பணியாற்றியவர்களே தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஓடிப்போனவருக்காக ஐந்து பேரை விடுவித்தது சரியா, ஐந்தாண்டுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்களா என்று நாடே வாதிட்டது.

இந்தச் சண்டையில் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். மீட்பது ஒன்று, விசாரிப்பது வேறொன்று. சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மீட்பு. பிடிபட்டவர் நல்லவரா என்று பார்த்துவிட்டுத்தான் மீட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அன்றைய கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மார்ட்டின் டெம்ப்சி இதைத் தெளிவாகச் சொன்னார்: அவரை மீட்கும் முயற்சி வேறு, அவருடைய நடத்தை பற்றிய விசாரணை வேறு, குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி, தவறு நடந்திருந்தால் ராணுவம் கண்டுகொள்ளாமல் விடாது. விதிமீறல் நடந்தது வேறோர் இடத்தில். குவாண்டனாமோ கைதிகளை மாற்றுவதற்கு 30 நாள் முன்பே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அரசு தெரிவிக்கவில்லை. அது சட்டமீறல்தான் என்று அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2014 ஆகஸ்டில் சொன்னது. அந்தத் தவறு அரசின் கணக்கில் சேரும், சிப்பாயின் கணக்கில் சேராது.

இனிச் சம்பளம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 37-ஆம் தலைப்பில் காணாமல் போன படைவீரர்களுக்கென்றே விதிகள் உண்டு. காணாமல் போனவர், எதிரியிடம் பிடிபட்டவர், முற்றுகையில் சிக்கியவர், வெளிநாட்டில் அடைத்து வைக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே வகையில் வருவார்கள். பிடிபட்ட நாளில் வாங்கிய சம்பளமும் படிகளும் தொடரும், குடும்பத்துக்கு அனுப்பும் பங்கும் நிற்காது. பதவி உயர்வுகூட நிற்காது. கைதியாக இருக்கும்போது கிடைத்த உயர்வு முழுமையாகச் செல்லும். சார்ஜென்டுக்குக் கீழான சிப்பாய் நிலையில் காணாமல் போன பெர்க்டால் திரும்பும்போது சார்ஜென்ட் ஆகியிருந்தது இப்படித்தான். இதை ஒபாமா அரசின் தயவு என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த நிலையில் இருக்கும் எவருக்கும் இதே விதிதான். தங்கள் சிப்பாய் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத குடும்பம், அடுத்த மாதம் வாடகைக்கு என்ன செய்வது என்றும் திண்டாடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அனுமதி இல்லாமல் பணியிடத்தை விட்டுப் போயிருந்தார் என்று அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்கப்பட்டால், அந்தக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது. ஏற்கெனவே வரவு வைத்திருந்தால் அது அவர் அரசுக்குத் தர வேண்டிய கடனாகிவிடும். ‘அதிகாரபூர்வமாக’ என்ற நிபந்தனை முக்கியம். சக வீரர் பேட்டி கொடுத்தார், செனட்டர் கோபப்பட்டார் என்பதற்காக யாருடைய சம்பளமும் பறிபோகாது.

திரும்பி வந்த பிறகான காலம் தனி. பெர்க்டால் முதலில் ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக்கும், பிறகு டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கும் கொண்டுபோகப்பட்டார். கைதியாக இருந்து மீண்ட எல்லாருக்கும் நடக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை அது. அதன் பிறகு தீர்ப்பு வரும்வரை அங்கேயே அலுவலகப் பணியில் இருந்தார். வேலை பார்த்தார், சம்பளம் வாங்கினார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

குற்றச்சாட்டுக்கு வருவோம். சொல்லாமல் போவது வேறு, ஓடிப்போவது வேறு. இரண்டையும் பிரிப்பது போனவரின் நோக்கம்தான். திரும்பி வரவே கூடாது என்றோ, ஆபத்தான கடமையிலிருந்து நழுவ வேண்டும் என்றோ நினைத்துப் போனால்தான் ராணுவச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு பாயும். ஆபத்தான பணியைத் தவிர்க்க ஓடியதற்கு அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறை. பெர்க்டால் மீது 2015 மார்ச்சில் இதோடு 99-ஆம் பிரிவும் போடப்பட்டது: எதிரியின் முன் தகாத நடத்தை, அதாவது தன் செயலால் உடனிருந்தவர்களை ஆபத்தில் தள்ளியது. இந்த வழக்கில் இதற்கு ஆயுள் தண்டனை வரை போயிருக்கலாம். தன் மேலதிகாரிகளின் குறைகளைப் பெரிய முகாமில் இருக்கும் ஜெனரலிடம் நேரில் சொல்லத்தான் புறப்பட்டேன் என்பது அவர் தரப்பு. விசாரணை அதிகாரி மேஜர் ஜெனரல் கென்னத் டால் அதை நம்பினார். சிறைத்தண்டனை பொருந்தாது என்றும் சாட்சியம் சொன்னார். கடலோரக் காவல் படைப் பயிற்சியிலேயே தாக்குப்பிடிக்க முடியாமல் 2006-இல் வெளியேறியவரை, விலக்கு அளித்து 2008-இல் ராணுவம் சேர்த்துக்கொண்டது. அவருக்கு ஆளுமைக் கோளாறு இருந்தது மருத்துவப் பரிசோதனையில் பிறகு தெரிந்தது. அவரைச் சேர்த்தவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. அதைப் பேசியவர்கள் குறைவு.

சக வீரர்களின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேடிப் போனதில் யாரும் உயிரிழந்ததற்கு ஆதாரம் இல்லை என்று டால் சொன்னார். ஆனால் காயம்பட்டவர்கள் உண்டு. தலையில் குண்டு பாய்ந்த ஒருவர் பேச்சையும் நடையையும் இழந்து, 2019-இல் இறந்தார். இன்னொரு பக்கம், பெர்க்டால் கைதியாக இருந்தபோது பலமுறை தப்ப முயன்றார். பிடிபட்டதும் அடிக்கப்பட்டார், கூண்டில் அடைக்கப்பட்டார். கைதியான அமெரிக்கப் படைவீரர் எப்படி நடக்க வேண்டும் என்று 1955-இல் வந்த நடத்தை விதிகள், தப்ப முயல்வதைக் கடமையாகவே சொல்கின்றன. போன விதம் குற்றம். கைதியாக இருந்த விதம் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

2017 அக்டோபரில் அவர் இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு 14 ஆண்டு கேட்டது. நவம்பர் 3 அன்று ராணுவ நீதிபதி ஜெஃப்ரி நான்ஸ் சிறை இல்லாத தண்டனை கொடுத்தார்: சார்ஜென்டிலிருந்து கடைநிலைச் சிப்பாயாகப் பதவி இறக்கம், பத்து மாதத்துக்கு மாதம் 1,000 டாலர் பிடித்தம், கௌரவமற்ற பணிநீக்கம். தேர்தல் பிரசாரத்தில் அவரைத் துரோகி என்று ஏசிய டிரம்ப், அப்போது அதிபர். தீர்ப்பை அவமானம் என்றார். முப்படைக்கும் தலைவராகப் போகிறவர் விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொன்னது இந்த வழக்கைக் கெடுத்தது. தண்டனையைக் குறைப்பதற்கான காரணங்களில் ஒன்றாக அந்தப் பேச்சையும் எடுத்துக்கொள்வதாக நான்ஸ் கூறியிருந்தார்.

சிறை இல்லையென்றதும் தப்பிவிட்டார் என்று பேசினார்கள். உண்மையில் கௌரவமற்ற பணிநீக்கம்தான் வாழ்நாள் முழுக்கத் தொடரும் தண்டனை. முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் மருத்துவம், ஊனமுற்றோர் உதவித்தொகை, கல்வி உதவி எல்லாவற்றுக்கும் அது தடை. முன்னாள் போர்க்கைதி என்ற தகுதி இருந்தால் சில நோய்களைப் பணியால் வந்தவை என்று ஆதாரம் கேட்காமலே ஏற்பார்கள். ஆனால் கடமையில் இருக்கும்போது பிடிபட்டவருக்கே அந்தத் தகுதி. ஓடிப்போன காலத்தில் நேர்ந்ததைக் கடமையில் நேர்ந்ததாகச் சட்டம் கருதாது. குற்றம் செய்த நேரத்தில் சித்தம் பிறழ்ந்திருந்தார் என்று நலத்துறை ஏற்றால் மட்டும் பணிநீக்கத் தடைக்கு விலக்கு உண்டு. பணிநீக்கங்களை மறுபரிசீலிக்கும் வாரியத்துக்கு இத்தகைய தீர்ப்பைத் தொட அதிகாரம் இல்லை. ராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் வாரியத்திடம் கருணை கேட்கலாம், அவ்வளவுதான்.

மேல்முறையீட்டில் 2020-இல் ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. பிறகு வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு தன் கையில் இருந்தபோதே, டிரம்ப் அரசின் நீதித்துறையில் குடியேற்ற நீதிபதி வேலைக்கு நான்ஸ் விண்ணப்பித்திருந்ததும் அதை வெளியே சொல்லாததும் தெரியவந்தன. 2023 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி ரெஜி வால்டன் இதைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தார்.