டிரையருக்குள் ஒரு பனிக்காலம்

இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வீட்டுக்குள் இடமில்லை, துணி காயவைக்கும் டம்பிள் டிரையரைத் தோட்டத்து ஷெட்டில் வைக்கப் போகிறோம், கரண்ட் மிச்சமாகும் என்று எல்லோரும் ஹீட் பம்ப் வகையை வாங்கச் சொல்கிறார்கள், ஆனால் ஷெட்டில் ஹீட்டர் கிடையாதே, ஜனவரியில் வேலை செய்யுமா?

செய்யும், முக்கி முனகி. சில நாள் செய்யவே செய்யாது.

துணி காய்வதில் பெரிய ரகசியம் இல்லை. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 7 கிராம் நீராவியைக்கூடத் தாங்காது, 50 டிகிரியில் 80 கிராமுக்கு மேல் தாங்கும். வென்டட் டிரையர் காற்றைச் சூடாக்கித் துணி வழியே விட்டு, ஈரத்தோடு குழாய் வழியாக வெளியே துப்பிவிடும். கண்டென்சர் டிரையர் அதே காற்றை உள்ளேயே சுற்றவிட்டு, அறைக் காற்றால் குளிரவைத்து, ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும். இரண்டும் முழுச் சுமைக்கு 5 யூனிட் வாக்கில் குடிக்கும். சரி, இதெல்லாம் பள்ளிப்பாடம்.

ஹீட் பம்ப்தான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதுதான் இங்கேயும். பச்சைக்குழந்தை துணியை இருட்டிய பிறகு கொடியில் விடக்கூடாது, காத்துக்கருப்பு அண்டும் என்பாள் எங்கள் ஆச்சி. அண்டுவது பனித்துளி. ராத்திரி துணி வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துபோக, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. ஆச்சி சொன்ன காரணம்தான் தப்பு, சொன்ன வேலை சரி. டிரையருக்குள் அந்தப் பனியை வேண்டுமென்றே பெய்யவைக்கிறார்கள். குளிர்ந்த உலோகச் சுருள் ஒன்று, அதன்மேல் துணியிலிருந்து வந்த ஈரக்காற்று மோதுகிறது, நீராவி துளியாகிறது. துளியாகும்போது, ஆவியாகையில் துணியிலிருந்து எடுத்துக்கொண்ட வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. சுருளுக்குள் ஓடும் திரவம் (புதிய மெஷின்கள் பலவற்றில் புரோப்பேன்) அதை வாங்கிக் கொதித்து வாயுவாகும். கம்ப்ரஸர் அந்த வாயுவை நசுக்க, சைக்கிள் பம்ப் சூடாவதுபோல அது சூடாகி, அடுத்த சுருளில் அதே காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து, மறுபடி துணியிடம் அனுப்பிவிடும்.

கணக்கு போட்டால்தான் இதன் அருமை தெரியும். 8 கிலோ துணியை வாஷிங் மெஷின் நன்றாகப் பிழிந்த பிறகும் நாலரை கிலோ வாக்கில் தண்ணீர் தங்கும். அதை ஆவியாக்க மட்டுமே சுமார் 3 யூனிட் வேண்டும், இயற்பியலில் தள்ளுபடி கிடையாது. ஆனால் நல்ல ஹீட் பம்ப் டிரையர் 2 யூனிட்டுக்குள் முடித்துவிடும்! ஏமாற்று இல்லை, ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறது. 1850களிலேயே ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் உப்பளத்தில் உப்புநீரைக் காய்ச்ச இதே வித்தையைச் செய்து பார்த்தார். அது நம் துணிக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு. ராக்கெட் என்றால் காசு கொட்டுகிறது, துணி காயவைக்கும் ஆராய்ச்சிக்கு யார் கொடுப்பார்கள்?

இப்போது இதை 2 டிகிரி ஷெட்டில் வையுங்கள். இது சுழற்சி வியாபாரம், முதல் போட்டால்தான் உருளும். துணி, டிரம், இரும்பு எல்லாமே 2 டிகிரி. ஈரம் ஆவியாகவே இல்லை, ஆகவே துளியும் இல்லை, திருப்பிக் கொடுக்க வெப்பமும் இல்லை. வென்டட் மெஷினில் இருப்பதுபோல 2 கிலோவாட் ஹீட்டர் பெரும்பாலும் இதில் கிடையாது. சின்ன கம்ப்ரஸரின் சூடு மட்டும்தான் முதலீடு. குளிர்ச்சுருள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் பனித்துளிக்குப் பதில் உறைபனி கட்டி, தகடுகளுக்கு நடுவே காற்று போகிற வழியை அடைக்கும். கம்ப்ரஸர் எண்ணெய் கெட்டியாகும், தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் குட்டி பம்ப்பில் போன தடவை தேங்கியது உறையும். கையேட்டில் பலரும் 5 முதல் 35 டிகிரி என்று போடுவது இதனால்தான். கண்டென்சர் வகைக்கும் ஏறக்குறைய அதே வரம்புதான்.

அப்போ எதை வாங்குவது? ஷெட் அடிக்கடி 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் என் ஓட்டு வென்டட் வகைக்கு. கரண்ட் கூடத்தான் தின்னும், ஆனால் முரட்டு ஹீட்டர் குளிரைப் பொருட்படுத்தாது. பிரிட்டனில் இன்னும் விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை முதல் வந்த விதியால் புதிதாகச் சந்தைக்கு வருவதெல்லாம் அநேகமாக ஹீட் பம்ப்தான். வருடம் முழுக்கத் தினமும் ஓட்டுவீர்கள் என்றால் மாடிப்படிக்குக் கீழே எப்படியாவது இடம்பிடித்து ஹீட் பம்ப்பை உள்ளே வைப்பதுதான் லாபம். ஷெட்டில்தான் ஹீட் பம்ப் என்று அடம்பிடித்தால், கையேட்டில் கீழ் வரம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், உறைபனி நாளில் மத்தியானம் ஓட்டுங்கள்.

வென்டட் வாங்கினால் குழாயைத் தொய்யவிடாதீர்கள். நான் முதல் குளிர்காலத்தில் விட்டேன். ஈரக்காற்று குளிர்ந்த குழாயிலேயே தண்ணீராகி, தொய்வில் தேங்கி, வழியை அடைத்து, இரண்டு மணி நேரம் ஓடியும் ஜீன்ஸ் சொதசொதவென்றே இருந்தது. குழாயைக் கழற்றினேன், அரை வாளித் தண்ணீர் சாக்ஸில் கொட்டியது. இப்போது வெளிச்சுவர் பக்கம் சரிவாக வைத்திருக்கிறேன்.