சஸ்பென்ஷன்: தொங்கலா, வில்லா?

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வாங்குபவர்கள் பரவலாகச் செய்யும் மாற்றம் ஒன்று உண்டு. வண்டியை 2 முதல் 6 அங்குலம் வரை தூக்கிக் கட்டி, பெரிய டயர் மாட்டுவார்கள். அதற்குப் பெயர் 'சஸ்பென்ஷன் லிஃப்ட்'. இந்தத் தொடரை மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால் 'இடைநீக்கம் தூக்குதல்' என்பது போல ஏதாவது வந்து நிற்கும். பணியிடை நீக்கத்துக்கும் வண்டிக்கு அடியில் இருக்கும் சுருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வரும் குழப்பம் இது. தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

சொல்லின் வேர் லத்தீன். 'பெண்டரே' என்றால் தொங்கவிடுதல். முன்னால் 'சப்' சேர்ந்து 'சஸ்பெண்டரே' ஆகும்போது, மேலே கட்டித் தொங்கவிடுதல் என்ற பொருள் கிடைக்கிறது. பெண்டுலம், பெண்டன்ட், சஸ்பென்ஸ் எல்லாம் இதே குடும்பம். முடிவு தெரியாமல் தொங்கும் வேலை, நீரில் படியாமல் மிதக்கும் துகள், கம்பிவடத்தில் தொங்கும் பாலம் என்று ஆங்கிலம் இந்த ஒரு சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துகிறது.

வண்டிக்கு இந்தப் பெயர் வந்ததற்கும் நேரான காரணம் இருக்கிறது. பழைய குதிரை வண்டிகளில் பயணிகள் உட்காரும் கூண்டு உண்மையாகவே தொங்கியது. தடித்த தோல் வார்களில் கூண்டைக் கட்டி, சக்கரச் சட்டத்துக்கு மேலே ஊசலாட விட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் 1827 முதல் செய்யப்பட்ட புகழ்பெற்ற கோச் வண்டிகள் இப்படித்தான் ஓடின. ஆனால் அதற்கு முன்பே, 1804-இல், லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவ எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதில் கூண்டு எதிலும் தொங்கவில்லை. அச்சின் மேல் இருக்கும் வில்லின் மீது உட்கார்ந்தது. இன்றைய கார், லாரி, பிக்கப் எல்லாம் எலியட்டின் வழியில் வந்தவை. பெயர் மட்டும் தோல் வார்க் காலத்துப் பெயராகவே தங்கிவிட்டது.

அதனால்தான் 'தொங்கல் அமைப்பு' என்ற தமிழாக்கத்தில் எனக்கு நிறைவு இல்லை. லத்தீனுக்கு அது உண்மையாக இருக்கிறது, வண்டிக்கு இல்லை. பாலத்துக்குத் தொங்கு பாலம் என்பது சரி, அங்கே பாலம் தொங்குகிறது. 'தாங்கல்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பேரிங்கைத் தாங்கி என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். ஒரே வண்டிக்குள் தாங்கியும் தாங்கலும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

நமக்குச் சொல் தேடி அலையத் தேவையில்லை, அது மாட்டு வண்டியிலேயே இருக்கிறது. வில் இல்லாமல் அச்சின் மேல் நேரே உட்காரும் வண்டி கட்டை வண்டி. எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து, அதன் மேல் கூண்டை வைத்தது வில்வண்டி. ஊரில் வசதியானவர்கள் ஏறிப் போனது இதில்தான். மலையாளத்திலும் இதே பெயர்தான். 1893-இல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றதும் வில்லுவண்டியே. வளைத்தால் விசையைத் தேக்கி, விட்டால் திருப்பித் தருவது வில்லின் குணம். பட்டையாக இருந்தாலும் சுருளாக இருந்தாலும் அதே குணம்தான். பள்ளி இயற்பியலில் சுருள்வில் என்றே படிக்கிறோம். ஆகவே சஸ்பென்ஷனுக்கு 'வில்லமைப்பு' என்று எழுதலாம் என்பது என் துணிபு. பேச்சில் சஸ்பென்ஷன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேர் ஒன்று கிடைத்தால் மற்ற சொற்களும் தானாக அமைகின்றன. வண்டியின் எடையை இரண்டாகப் பிரிப்பார்கள். கூண்டு, என்ஜின், ஆட்கள் எல்லாம் வில்லுக்கு மேல் எடை. டயர், ரிம், பிரேக், திட அச்சு எல்லாம் வில்லுக்குக் கீழ் எடை. வில் சுருங்கி நீளும் தூரத்தை வில்லோட்டம் எனலாம். ஷாக் அப்சார்பர் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. அதிர்ச்சியை முதலில் வாங்குவது வில். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பிரிட்டிஷ் வழக்கில் அதை டாம்பர் என்பார்கள். 'தணிப்பான்' என்றால் வேலை விளங்கிவிடும்.

இப்போது லிஃப்ட். பழைய நார்ஸ் மொழியில் காற்றுக்கும் வானத்துக்குமான 'லொப்ட்' என்ற சொல்லிலிருந்து, காற்றில் உயர்த்துதல் என்ற பொருளில் வந்தது. தமிழில் 'உயர்த்தல்' போதும். ஆனால் எதை உயர்த்துகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். சட்டத்துக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டைகளை வைத்துத் தூக்கினால் அது கூண்டு உயர்த்தல். இதில் வில்லை யாரும் தொடுவதில்லை, அதனால் சவாரியின் மென்மையும் பெரிதாக மாறாது. சட்டத்தையும் சேர்த்து மேலே கொண்டுபோவது வில் உயர்த்தல். சொகுசு கெடுவதும் கூடுவதும் இங்கேதான்.

முன்பக்கத்தில் பெரும்பாலும் தணிப்பானைச் சுற்றியே சுருள் இருக்கும். அங்கே தூக்க மலிவான வழி ஒரு வளையம். அதை எங்கே வைக்கிறார்கள் என்பது முக்கியம். சுருளுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே வைத்தால் வில் முன்கூட்டியே அழுந்தி நிற்கும். 'இதனால் வில் கடினமாகிவிட்டது' என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வில்லின் விறைப்பு மாறுவதில்லை. மாறுவது நிற்கும் இடம். தணிப்பான் ஏறக்குறைய முழுதாக நீண்ட நிலையிலேயே வண்டி நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க ஓட்டம் மீதி இல்லை. தணிப்பான் கடைசி எல்லையில் 'டக்' என்று இடிக்கும். ஓட்டுபவருக்கு அது கடினமாகத் தெரிகிறது. வளையத்தை மூடிக்கு மேலே, சட்டத்துக்கு அடியில் வைத்தால் தணிப்பான் பழைய இடத்திலேயே வேலை செய்யும், சவாரியும் பழையபடி இருக்கும். ஆனால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்க முடியும் என்பதால் பந்து மூட்டும் (பால் ஜாயின்ட்), சக்கரத்தைச் சுழற்றும் ஓட்டுத்தண்டின் மூட்டும் தாங்காத கோணத்துக்குப் போகும். இங்கே 1 அங்குல வளையம் சக்கரத்தில் சுமார் 2 அங்குல உயரம் தரும். தணிப்பான், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கட்டுப்பாட்டுக் கையின் (கன்ட்ரோல் ஆர்ம்) நுனியில் அல்லாமல் நடுவாக்கில் பிடித்திருப்பதுதான் காரணம்.

பின்பக்கம் பெரும்பாலும் பட்டை வில். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தால் மென்மை அப்படியே இருக்கும், ஆனால் வேகமாகக் கிளம்பும்போது அச்சு முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும். கூடுதலாக ஒரு பட்டை செருகினால் வில் நிஜமாகவே விறைக்கும். சுமை ஏற்றுபவருக்கு அது நல்லது. காலி வண்டியில் முதுகு சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த பொறியாளர் மாரிஸ் ஓலி, பின்வில்லைவிட முன்வில் மெதுவாக ஆட வேண்டும் என்று கண்டறிந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் வரும் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால் இரண்டும் சீக்கிரமே ஒத்துப்போய், வண்டி தலையாட்டாமல் சமமாக எழுந்து இறங்கும். முன்னே மட்டும் கனமான விறைத்த வில்லை மாட்டினால் இந்த ஒழுங்கு குலைந்து வண்டி முன்னும் பின்னும் குலுங்கும். முன்பக்கத்தை ஏற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் 'ஸ்குவாட்' மோகம் வேறு வகை. அதில் பானெட் மறைத்து ரோடே தெரியாது. வடக்கு கரோலினா 2021 டிசம்பரிலிருந்து அதைத் தடை செய்திருக்கிறது. வர்ஜீனியாவும் தெற்கு கரோலினாவும் பின்தொடர்ந்தன.

சரி, டயர். சவாரி கெட்டதற்கு வில் உயர்த்தலைக் குறை சொல்பவர்கள் பலருக்கு உண்மையான காரணம் டயர்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பிக்கப்புகளில் பரவலாக வரும் 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 31.6 அங்குலம், எடை 17, 18 கிலோ. அதைக் கழற்றிவிட்டு 35 அங்குல லாரி ரக டயர் போட்டால் ஒவ்வொன்றும் 30 கிலோவைத் தொடும். இது முழுக்க வில்லுக்குக் கீழ் எடை. மேட்டில் மோதி எழும் இந்த எடையைத் தணிப்பான்தான் திருப்பிப் பிடிக்க வேண்டும், அது பழைய டயருக்காகச் செய்தது. பாரமான பூட்ஸ் போட்டு ஓடுபவரின் கால்கள்போல, சக்கரம் மேலே போகவும் சோம்பும், கீழே வரவும் சோம்பும்.

கூண்டு வில்லின் மேல் நொடிக்கு 1 முதல் 2 முறை ஆடும். சக்கரம் தனியாக 10 முதல் 15 முறை துள்ளும். மனித உடலை மேல்-கீழாக அதிகம் தொந்தரவு செய்வது நொடிக்கு 4 முதல் 8 அதிர்வு. சக்கரத்தின் எடை கூடக்கூட அதன் துள்ளல் வேகம் குறைந்து இந்த எல்லையை நோக்கி இறங்குகிறது. தார்ச்சாலையிலும் உடம்பு நடுங்குவதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெரிய டயருக்கு நன்மையும் இருக்கிறது. விட்டம் பெரிதானால் குழியின் விளிம்பில் மோதும் கோணம் தணியும். ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால் பக்கச்சுவர் உயர்ந்து காற்று மெத்தையும் தடிக்கும். ஆனால் 20, 22 அங்குல ரிம்மும் சேர்த்துப் போட்டால் இந்த லாபம் போய்விடும். அப்புறம் காற்றழுத்தம். கனரக டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 80 பிஎஸ்ஐ உச்ச வரம்பு, தினமும் அடிக்க வேண்டிய அளவு அல்ல. காலி வண்டியில் அவ்வளவு அடித்துவிட்டு சஸ்பென்ஷனைத் திட்டுவது நியாயமில்லை. வேகமானியையும் திருத்த வேண்டும்: 31.6-லிருந்து 35-க்குப் போனால் முள் 60 மைல் காட்டும்போது வண்டி 66 மைலில் ஓடும்.

உயரமும் பெரிய டயரும் இருந்தும் சொகுசு கெடாத வண்டிக்கு ஃபோர்டு எஃப்-150 ராப்டர் சான்று. 2010 மாடலாக வந்தபோதே அதில் 35 அங்குல டயர். ஆனால் ஃபோர்டு அதில் வளையம் செருகித் தூக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கைகளை நீட்டி, வண்டியை அகலமாக்கி, ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரிய தணிப்பான்களை வைத்து, முன்னே சுமார் 11, பின்னே சுமார் 12 அங்குல வில்லோட்டம் கொடுத்தார்கள். உயர்த்தல் கிட் வாங்கப் போகிறவர் கடையில் எத்தனை அங்குலம் தூக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. தூக்கிய பிறகு சக்கரம் கீழே இறங்க எத்தனை அங்குலம் மீதி இருக்கும், தணிப்பானும் கிட்டோடு மாறுகிறதா என்ற இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.