இதயப்புழு: பூச்சியும் அல்ல, உண்ணியும் அல்ல

நாய் வளர்ப்போருக்கான துண்டறிக்கைகளிலும் காணொளிகளின் அடியில் ஓடும் வரிகளிலும் ‘இதயப்பூச்சி’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஹார்ட்வார்ம் என்பதற்கு யாரோ எப்போதோ போட்ட பெயர். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தாண்டு இப்போது அதுவே நிலைத்துவிடும் போலிருக்கிறது. நிலைக்கக் கூடாது. அது பூச்சி அல்ல, புழு. இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லால் நாய்க்குத் தவறான மருந்து போகிறது, தவறான சோதனை நடக்கிறது.

முதலில் பெயரின் வரலாறு, சுருக்கமாக. அறிவியல் பெயர் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ். லத்தீனில் டைரஸ் என்றால் அச்சந்தருவது, ஃபைலம் என்றால் நூல், இம்மிட்டிஸ் என்றால் கொடியது. 1856ல் அமெரிக்க அறிஞர் ஜோசப் லீடி இதை ஃபைலேரியா இம்மிட்டிஸ் என்றார். 1911ல் ரையே, ஆன்ரி என்ற பிரெஞ்சு அறிஞர்கள் டைரோஃபைலேரியா என்ற தனிப் பேரினத்தை வகுத்தார்கள். தமிழில் ‘புழு’ பழஞ்சொல். மலையாளத்திலும் புழுதான், கன்னடத்தில் ஹுளு, தெலுங்கில் புருகு. புழுத்தல் என்று வினையாகவும் வரும். ‘புழு பூச்சி’ என்று நாம் இணைத்துச் சொல்வதே இரண்டும் வேறு வேறு என்பதால்தான்.

புழுவும் பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. வளர்ந்த பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவு. வெள்ளைத் தையல் நூலை வெட்டிப் போட்டது மாதிரி இருக்கும். கால் இல்லை, இறகு இல்லை, உடம்பில் கண்டம் கண்டமான பிரிவும் இல்லை. நாயின் இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் குடியிருக்கும். எண்ணிக்கை கூடும்போது இதயத்தின் வலது அறைகளுக்குள்ளும் வந்து அடைத்துக்கொள்ளும். நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும்.

‘பூச்சி’ கட்சிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பேச்சுத் தமிழில் குடற்புழுவைப் பூச்சி என்றுதான் சொல்கிறோம். வயிற்றுப்பூச்சி, கீரிப்பூச்சி, நாக்குப்பூச்சி எல்லாம் புழுக்களே. குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி இருக்கும்’ என்கிறோம். அந்த வழக்கைத் திருத்தப் போவது என் வேலை அல்ல. வயிற்றைப் பற்றிப் பேசும்போது பூச்சி என்றால் யாரும் ஈயையும் வண்டையும் நினைப்பதில்லை. சூழலே பொருளைக் காட்டிவிடுகிறது.

இதயப்புழு விஷயத்தில் அந்தச் சூழல் காப்பாற்றாது. ஏனென்றால் இந்த நோயின் கதையில் உண்மையான பூச்சி ஒன்று இருக்கிறது: கொசு. நோயுற்ற நாயின் ரத்தத்தில் மிதக்கும் நுண்புழுக்களை, அதாவது வளர்ந்த புழு ஈன்ற மிகச் சிறிய குஞ்சுகளை, கொசு உறிஞ்சுகிறது. கொசுவின் உடலுக்குள் அவை வளர்ந்து, தொற்றக்கூடிய இளம்புழுக்களாகி, கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது கடிவாய் வழியாக உள்ளே போகின்றன. பிறகு ஆறேழு மாதம் கழித்து அந்த நாயின் ரத்தத்திலும் நுண்புழுக்கள் தென்படும். இதை ‘பூச்சி’ச் சொல் வைத்து எழுதிப் பாருங்கள்: ‘பூச்சி கடிப்பதால் இதயப்பூச்சி பரவுகிறது.’ எது எதைக் கடித்தது? எது எதற்குள் இருக்கிறது? இப்படிப்பட்ட ஒரு வரியைப் படித்துவிட்டு, கொசுவே நாயின் இதயத்துக்குள் போய்விடும் என்று புரிந்துகொண்டவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. எழுதியவர் மேல்தான் தப்பு.

அடுத்தது இதைவிட மோசம். பூச்சி என்று சொன்னதும் ‘பூச்சி மருந்து’ என்ற சொல் தானாக நாக்கில் வந்து நிற்கிறது. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கிறோமே, அப்புறம் இதயப்பூச்சி எப்படி வரும் என்று கேட்கிறார்கள். அந்த மாத்திரைகள் பலவற்றில் இருப்பவை பைரன்டெல், பிராசிகுவான்டெல் போன்றவை. அவை குடலில் இருக்கும் உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு ஆகியவற்றைக் கவனிக்கும். ரத்தக்குழாய்க்குள் இருப்பதை அவை தொடவே தொடாது. இதயப்புழுவைத் தடுப்பதற்கு ஐவர்மெக்டின் வகை மருந்துகள் தனி. மாதாமாதம் கொடுக்கும்போது, முந்தைய வாரங்களில் கொசு வழியாக உள்ளே வந்த இளம்புழுக்களை வளரவிடாமல் கொன்றுவிடும். அதிலும் எச்சரிக்கை வேண்டும். ரத்தத்தில் ஏற்கெனவே நுண்புழுக்கள் நிறைந்திருக்கும் நாய்க்குச் சோதிக்காமல் இந்த வகை மருந்தைக் கொடுத்தால், நுண்புழுக்கள் மொத்தமாகச் சாவதால் நாய் அதிர்ச்சி நிலைக்குக்கூடப் போகலாம். வளர்ந்த புழுவைக் கொல்ல மெலார்சோமின் என்ற ஆர்செனிக் கலந்த ஊசி இருக்கிறது. செத்த புழுக்கள் நுரையீரல் தமனிகளை அடைத்துவிடாதபடி அந்த வாரங்களில் நாயை ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். ‘பூச்சி மருந்து கொடுத்தாயிற்று’ என்ற நிம்மதியில் இவ்வளவும் காணாமல் போய்விடுகிறது.

சோதனையிலும் இதே குழப்பம். குடற்புழு முட்டையிடும், முட்டை மலத்தில் வரும், மலத்தைச் சோதித்தால் தெரியும். இதயப்புழு முட்டையிடுவதில்லை. நுண்புழுக்களை உயிரோடு ரத்தத்தில் விடுகிறது. மலச்சோதனையில் ஒன்றும் வராது. ரத்தத்தில்தான் தேட வேண்டும், பெண்புழு வெளிவிடும் புரதத்தை அல்லது நுண்புழுவை. ‘பூச்சி டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை’ என்று சொல்பவர் எந்தச் சோதனையைச் சொல்கிறார் என்று நான் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தூய தமிழ் அன்பர்கள் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள். இதயம் வடசொல், ஆகவே ‘நெஞ்சுப்புழு’ என்கிறார்கள். எனக்கும் தமிழ்ச்சொல் மேல் ஆசை உண்டு. நெஞ்சு என்றால் நுரையீரலும் சேர்ந்துவிடுகிறது, புழுவின் உண்மையான இருப்பிடத்துக்கு அது கொஞ்சம் கிட்டத்தில் கூட வருகிறது. ஆனால் வழக்கில் நெஞ்சு எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் முள் சிக்கியது என்றால் தொண்டை, நெஞ்சு கரிக்கிறது என்றால் இரைப்பையின் புளிப்பு, நெஞ்சில் சளி என்றால் மூச்சுக்குழாய். நெஞ்சுப்புழு என்று படிப்பவர், நாய் தின்ற எதிலோ வந்த புழு என்றுதான் எடுத்துக்கொள்வார். தெளிவா தூய்மையா என்று வந்தால், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் தெளிவின் பக்கம்தான். இதயம் தமிழாகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

‘இதய ஒட்டுண்ணி’ என்று எழுதுபவர்களுக்கும் ஒரு சொல். ஒட்டுண்ணி நல்ல கலைச்சொல்தான், பாடநூலில் எந்தச் சிக்கலும் இல்லை. நாய் வளர்ப்பவரிடம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். நாயைப் பொறுத்தவரை உண்ணி என்றால் காதோரம் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உண்ணி. ஒட்டுண்ணி என்றதும் அவர் கை நாயின் காதுக்குத்தான் போகும். உண்ணிக்குப் பவுடர் போட்டால் இதயப்புழு நிற்காது.

‘இதயப்புழு’ என்ற சரியான சொல்லைத் தவறான புழுவுக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதே பேரினத்தில் டைரோஃபைலேரியா ரீபென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இது தோலுக்கு அடியில் வாழ்வது, இதயத்துக்குப் போவதில்லை. இலங்கையில் மனிதர்களின் கண்ணிலிருந்தும் தோலுக்கடியிலிருந்தும் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். போதாக்குறைக்கு, 2012ல் ஹாங்காங்கில் நோயாளிகளிடமிருந்து எடுத்த புழுக்களின் மரபணு வரிசை இதிலிருந்தும் விலகி நின்றதால், அதற்கு ஹாங்காங்கென்சிஸ் என்று தனிப் பெயர் முன்மொழியப்பட்டது. இவை அனைத்தையும் இதயப்புழு என்று ஒரே மூட்டையில் கட்டினால், எந்தப் புழு எந்த நாட்டில் இருக்கிறது என்ற கணக்கே பிசகிவிடும். தோலடிப்புழு என்று பிரித்துச் சொன்னால் போதும்.

புழுவின் பெயர் பாதிச் சிக்கல்தான். மீதி, ஆய்வுச் செய்திகளைத் தமிழாக்கும்போது வருகிறது. ஜெனடிக் டைவர்சிட்டி என்று மூலத்தில் இருப்பதை ‘மரபணு மாற்றம்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘இதயப்புழுக்களில் மரபணு மாற்றம் குறைவு’ என்று ஒரு வரி. தமிழில் மரபணு மாற்றம் என்றதும் வாசகர் நினைப்பது மரபணு மாற்றப்பட்ட பருத்தியை, கத்தரிக்காயை. யாரோ ஆய்வகத்தில் புழுவைத் திருத்தியிருக்கிறார்கள் போல என்றுதான் தோன்றும். மாற்றம் என்பது நடக்கிற ஒரு செயல். டைவர்சிட்டி செயல் அல்ல, ஒரு கூட்டத்தின் நிலை. அந்தக் கூட்டத்துக்குள் எத்தனை வகை கலந்து கிடக்கிறது, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதயப்புழுவையே எடுத்துக்கொள்வோம். 2012ல் இதன் முழு மரபணுத் தொகுதி வெளியானது, ஏறத்தாழ 8.4 கோடி டிஎன்ஏ எழுத்துகள். இத்தாலியின் பவியாவில் எடுத்த புழுவையும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் எடுத்த புழுவையும் ஒப்பிட்டபோது வேறுபட்டது 0.04 சதவீதம்தான். பத்தாயிரம் எழுத்துக்கு நான்கு. நடுவே ஒரு பெருங்கடல் இருந்தும் இவ்வளவு நெருக்கம். இதைச் சொல்ல ‘மாற்றம்’ எப்படிப் பொருந்தும்? எதிலிருந்து எதற்கு மாறியது?

மருந்துக்கு மசியாத புழுக்களைப் பற்றி எழுதும்போது இந்தத் தவறு இன்னும் ஆபத்தானதாகிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஐவர்மெக்டின் வகை மருந்துகளுக்கு அடங்காத இதயப்புழுக்கள் உறுதிப்படுத்தப்பட்டிருக்கின்றன. இதை ‘மருந்தால் புழுவில் மரபணு மாற்றம்’ என்று தமிழாக்கினால், மருந்து கொடுப்பதே புழுவைக் கெடுக்கிறது என்று படிப்பவர் மருந்தை நிறுத்திவிடுவார். மருந்து புழுவை மாற்றுவதில்லை. மருந்துக்குத் தப்பும் வகை கூட்டத்தில் இருந்தால், மற்றவை சாகும்போது அதன் பங்கு கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, பின்னே என்ன சொல்வது? ‘பன்முகத்தன்மை’ என்பார்கள். ஒருவருக்கே பல முகம் இருப்பது பன்முகம். பாடவும் ஆடவும் வரையவும் தெரிந்தவரைப் பன்முகத்திறன் கொண்டவர் என்கிறோம். இங்கே கேள்வி பல வகைகள் பற்றியது. ‘பெருக்கம்’ என்பது அதைவிடத் தவறு. பல்லுயிர்ப் பெருக்கம் என்று சொல்லிச் சொல்லி, பெருக்கம் என்றாலே டைவர்சிட்டி என்று ஒரு தலைமுறையைப் பழக்கிவிட்டார்கள். பெருகுவது எண்ணிக்கை. ஒரு பெண் இதயப்புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் நுண்புழுக்களை விடுகிறது, பெருக்கத்துக்குக் குறைவே இல்லை. வகைகள்தான் குறைவு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எப்படிச் சொல்வீர்கள்? ‘மரபணுப் பல்வகைமை’ என்று எழுதுங்கள். பல, வகை என்ற இரண்டும் சொல்லுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகின்றன. ‘பன்மை’யும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒருமை பன்மை என்று இலக்கணத்துக்கு இழுக்கும்.

‘பரவல்’ பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கெங்கே இருக்கிறது என்பதும், புது இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள், இரண்டையும் ‘பரவல்’ என்றே எழுதிவிடுகிறார்கள். இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் இதயப்புழு நெடுங்காலமாக இருப்பது முதல் வகை. 2005ல் கத்ரீனா புயலுக்குப் பின் மெக்சிகோ வளைகுடாக் கரை நாய்கள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டபோது புழுவும் கூடவே போனது இரண்டாவது வகை. கொசுவுக்குள் இளம்புழு வளர ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். 27 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் தயாராகிவிடும், 18 டிகிரியில் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். ஆகவே குளிர்நாட்டில் ‘பரவல் உண்டு’ என்று எழுதினால், வெளியூரிலிருந்து வந்த நாயிடம் புழு இருந்ததா, உள்ளூர்க் கொசு வழியாகவே தொற்றுகிறதா என்று கட்டாயம் தெரிய வேண்டும். முதலாவதை ‘காணப்படும் இடங்கள்’ என்றும் இரண்டாவதைப் ‘பரவுதல்’ என்றும் எழுதினால் இந்த ஐயம் எழாது.