அட்டையிலிருந்து வெட்டித் தந்த மாத்திரை

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த 31 வாரக் கர்ப்பிணி ஒருவர் சென்ற கார்த்திகையில் என் மேசைமீது ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். முதுகுவலிக்காக மெடிக்கலில் வாங்கிய மாத்திரைகள் அவை. அட்டையிலிருந்து வெட்டித் தந்ததால் எதிலும் பெயர் இல்லை. "பாராசிட்டமால் போட்டா பிள்ளைக்கு ஆட்டிசம் வரும்னு போன்ல பாத்தேன் டாக்டரம்மா, அதான் வேற கேட்டு வாங்குனேன்" என்றார். கடைக்குப் போன் செய்து விசாரித்ததில் அது அசெக்ளோஃபெனாக் என்று தெரிந்தது. அஞ்ச வேண்டிய மாத்திரையை நம்பி, ஓரளவு நம்பத்தக்கதை அவர் ஒதுக்கியிருந்தார்.

அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், மாதவிடாய் வலிக்குப் பலரும் கைவசம் வைத்திருக்கும் மெஃபெனமிக் அமிலம் ஆகிய அனைத்தும் ஒரே வலிநிவாரணிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 20 வாரத்திற்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே என்பதால், இம்மருந்துகள் அதன் சிறுநீரகச் செயல்பாட்டைக் குறைக்கும்போது நீரும் குறைகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதுபற்றி எச்சரித்தது. கருவறையில் நுரையீரல் இன்னும் மூச்சுவிடத் தொடங்காததால், ரத்தத்தை அதற்குள் செல்லவிடாமல் திருப்பி அனுப்பும் சிறு குழாய் ஒன்று இதயத்தருகே திறந்திருக்கும். பிறந்த பிறகு மூட வேண்டிய அந்தக் குழாய், 30 வாரத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ இம்மருந்துகளை உட்கொண்டால் முன்கூட்டியே சுருங்கக்கூடும். இவருக்கு ஸ்கேனில் பனிக்குட நீர் சரியாகவே இருந்தது. மூன்றே நாள்தான் சாப்பிட்டிருந்தார்.

ஆட்டிச அச்சம், கர்ப்பகாலப் பாராசிட்டமாலை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட அறிவிப்பால் ஊரெங்கும் பரவியது. பாராசிட்டமாலுக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் தொடர்பிருக்கலாம் என்று சில ஆய்வுகள் கூறியது உண்மைதான். ஆயினும் 1995 முதல் 2019 வரை சுவீடனில் பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அதாவது, வேறுபாடு மாத்திரையால் வந்ததன்று. மாத்திரை தேவைப்பட்ட உடல்நிலையாலும் குடும்பவழி மரபாலும் வந்திருக்கக்கூடும். மாறாக, முதல் மூன்று மாதங்களில் கடும் காய்ச்சலைத் தணிக்காமல் விடுவது சிசுவின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதை இந்த அச்சத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்காகப் பாராசிட்டமாலைப் பொரிகடலை போல் மெல்லவும் கூடாது. 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, இயன்றவரை குறைந்த நாட்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து ஒளிந்திருப்பதால் அளவு தெரியாமலே இரட்டிப்பாகிவிடும். ஐந்து மாதத்திற்குப் பிறகு விடாத தலைவலி என்றால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைத் தடுக்க மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின், அதே குடும்பத்து மருந்தானாலும், வேறு கணக்கு. மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிளம்பும்போது உடன் வந்த மாமியார் வாசலில் நின்று, "அப்ப நான் மூட்டுக்குப் பூசுற ஜெல்லை இவ இடுப்புக்குப் பூசலாமா?" என்று கேட்டார். அதிலும் டைக்ளோஃபெனாக்தான், தோல் வழியாகவும் ஓரளவு உள்ளே செல்லும் என்பதால், பிரசவம் முடியும்வரை வேண்டாம் என்றேன்.