அடியில் சிக்கினால் மேலே பாருங்கள்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தையல் மிஷினில் மேல்பக்கம் தையல் ஒழுங்காக விழுகிறது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபின் கேஸின் திருகை எவ்வளவோ இறுக்கிப் பார்த்துவிட்டேன், இன்னும் மோசமாகிறது. என்ன கோளாறு?"

பாபினில், அதாவது கீழ் நூல் சுற்றிய சின்ன உருளையிலோ அதை வைக்கும் கேஸிலோ, கோளாறு இருந்திருக்காது. இப்போது இருக்கும், திருகை இறுக்கிவிட்டீர்களே!

தையல் விழும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணிக்குக் கீழே இறங்கிய ஊசி, மறுபடி 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறும்போது, நூல் துணியில் உரசிப் பின்தங்கும். அதனால் ஊசியின் ஒரு பக்கம் சின்ன வளையம் உப்பும். சுழலும் கொக்கி அதைப் பிடித்து விரித்து, பாபின் கேஸையே சுற்றி அனுப்பிவிடும். கீழ் நூல் அந்த வளையத்துக்குள் அகப்படும். அப்புறம் மேலே இருக்கும் நெம்புகோல் உபரி நூலை வெடுக்கென்று இழுத்துத் தையலை இறுக்கும். எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் அடிப்படை இதுதான். கொக்கிக்குப் பதில் அதில் தறியில் இருப்பதுபோல நூலைச் சுமந்து ஒரு நாடா ஓடியது, அவ்வளவே.

ஆக, ஒவ்வொரு தையலும் ஒரு கயிறு இழுக்கும் போட்டி. மேல் நூல் மேலே இழுக்கிறது, கீழ் நூல் கீழே இழுக்கிறது. இரண்டும் பின்னிக்கொள்ளும் இடம் துணியின் தடிமனுக்குள் நடுவில் நிற்க வேண்டும். சட்டைத் துணி இரண்டு மடிப்பு என்றால் அந்தத் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதற்குள் இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும்! மேல் நூல் தளர்ந்தால் கீழ் நூல் ஜெயித்து, பின்னலை அடிப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் அடியில் பார்க்கும் வளையங்கள் மேல் நூலுடையவை. பாபினை இறுக்கினால் ஏற்கெனவே ஜெயித்தவருக்கே இன்னும் பலம் சேரும்.

மேல் நூலின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை முகத்தோடு முகம் பார்த்திருக்கும் இரண்டு சின்ன உலோகத் தட்டுகள். 0 முதல் 9 வரை எண் போட்ட திருகைத் திருப்பினால் ஒரு ஸ்பிரிங் அவற்றை நெருக்கும். நூல் நடுவே உரசிக்கொண்டு போகும். பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் இதே வேலையை இதைவிடச் சுலபமாகச் செய்யலாமே என்று எனக்குப் பல நாள் ஒரு சந்தேகம் இருந்தது. நூலை ஒரு கம்பியில் நாலு சுற்று சுற்றிவிட்டால் போதாதா?

கப்பலைக் கட்டும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நட்ட தூணில் மூன்று சுற்று சுற்றிவிட்டு, ஒரே ஆள் நுனியைப் பிடித்தபடி நிற்பார். உராய்வுக் கெழு (எவ்வளவு உரசுகிறது என்பதன் அளவு) 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் இழுவிசை மூன்றரை மடங்காகும், இரண்டில் 12 மடங்கு, மூன்றில் 43 மடங்கு. கூட்டல் அல்ல, பெருக்கல். தூண் பெரிதா சிறிதா என்பதுகூடக் கணக்கில் வராது. 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காலத்துக் கணக்கு இது.

ஆனால் பெருக்கலில் ஒரு ஆபத்து உண்டு. நூற்கண்டு எப்போதும் ஒரே சீராகச் சுழலாது, நடுநடுவே திக்கும். உதாரணத்துக்கு, 2 கிராம் விசையில் வரும் நூல் ஒரு திக்கலில் 4 கிராமாகிறது. 40 மடங்கு பெருக்கினால் 80 கிராம் திடீரென்று 160 ஆகும். தையல் சுருங்கும், நூல் அறும். தட்டுகளோ பெருக்குவதில்லை, கூட்டுகின்றன. ஸ்பிரிங் தரும் அழுத்தத்துக்கு ஏற்ற உராய்வை, சொல்லப்போனால் 80 கிராமை, வருகிற விசையோடு சேர்க்கின்றன. 82 கிராம் 84 ஆகும். துணிக்குத் தெரியவே தெரியாது! நூற்கண்டின் தடுமாற்றம் முழுவதும் ஒரு கூட்டல் கணக்கில் கரைந்துபோகிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எழுந்து போய் மிஷினைத் திறந்து அந்தத் தட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

(இடையில் ஒரு புலம்பல். உராய்வை ஆராயும் துறைக்கு 'டிரைபாலஜி' என்று ஒரு பெயர் கிடைத்ததே 1966இல், பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு தந்த அறிக்கையில்தான். உலகத்தில் தேய்கிற ஒவ்வொன்றும் இத்துறையின் சமாச்சாரம். இருந்தும் ஆராய்ச்சிப் பணம் என்றதும் எல்லாருக்கும் ராக்கெட்தான் ஞாபகம் வருகிறது. ராக்கெட்டிலும் பேரிங் உண்டு, சுவாமி.)

சரி, உங்கள் மிஷினுக்கு வருவோம். துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால், உள்ளே ஒரு ஊசிக்கம்பி நகர்ந்து தட்டுகளைப் பிரித்துவிடும். தைத்த துணியை இழுத்து எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படி. அதனால் நூல் கோக்கும்போது ஃபுட் மேலே இருக்க வேண்டும். கீழே இறக்கி வைத்துக் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே நுழையாமல் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகக் கோத்தது போலத்தான் இருக்கும். ஆனால் கூட்ட வேண்டிய 80 கிராம் கூடியிருக்காது.

"அவர் கைபட்டால் ஓடுகிற மிஷின் என் கைக்கு ஓடாது, கைராசி" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கைகளைக் கவனித்தேன். ராசிக்காரர் நூல் கோக்கும் முன் தன்னையறியாமல் ஃபுட்டைத் தூக்கிவிடுகிறார்.

ஆகவே முதலில் ஃபுட்டைத் தூக்கி மேல் நூலை முழுக்க உருவி மறுபடி கோத்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், இறக்கியதும் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைந்திருக்கும், சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகுதான் திருகு, அதுவும் நாலில் தொடங்கி அரை எண், அரை எண்ணாக. பாபின் கேஸை அதன் நூலில் தொங்கவிட்டுக் கையை லேசாக உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரியாக இருக்கிறது. சரசரவென்று விழுந்தால் லூஸ், அசையவே இல்லை என்றால் நீங்கள் இறுக்கியது அதிகம், கால் சுற்று தளர்த்துங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மேலும் கீழும் ஒரே ரக நூல், நிறம் மட்டும் வேறு. கிராஸாக, அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக, வெட்டிய துணித்துண்டில் அந்தச் சாய்விலேயே ஒரு சாண் தைத்து, இரு முனையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். முதலில் அறுகிற நிறம் எதுவோ, அதுதான் அளவுக்கு மீறி இறுகியிருக்கும் நூல். இரண்டும் ஒன்றாக அறுந்தால் திருகிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.