வெளிநாட்டுச் சேமிப்பு: ஊரில் எந்தக் கணக்குக்கு அனுப்புவது?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும்போது முதலில் கேட்பது "இன்றைக்கு ரேட் என்ன?" என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணம் இந்தியாவில் எந்தக் கணக்கில் போய் விழுகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். ரேட்டில் விட்டதை அடுத்த மாதம் பிடித்துவிடலாம். மாறிப்போன கணக்கில் விழுந்த பணத்தை நகர்த்துவது அத்தனை சுலபமில்லை.

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை வங்கிகளில் ஃபெமா என்பார்கள். அதன்படி, வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பியதுமே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். ஊரில் ஏற்கெனவே வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அதன்பின் அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. "இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லையே" என்பார்கள். வீட்டுக்கடன் கேட்கும்போதோ, கேஒய்சி எனும் அடையாள விவரங்களைப் புதுப்பிக்கும்போதோ கட்டாயம் கேட்பார்கள்.

சம்பாத்தியத்தை அனுப்புவதற்கென்றே இருப்பது என்ஆர்இ கணக்கு. அங்கிருந்து வரும் பணம் ரூபாயாக மாறி இதில் சேரும். அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும், உச்சவரம்பு இல்லாமல், திரும்ப வெளிநாட்டுக்கே கொண்டுபோகலாம். வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஊரில் வரும் வீட்டு வாடகை, நிலம் விற்ற பணம் போன்றவற்றை மட்டும் பொதுவாக இதில் நேராகப் போட முடியாது. அவை முதலில் என்ஆர்ஓவுக்குத்தான் போகும்.

என்ஆர்ஓ வட்டிக்கு முழு வரி உண்டு. 5 லட்சம் ரூபாயை 7 விழுக்காடு வட்டிக்கு எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 35,000 ரூபாய். என்ஆர்இயில் அது முழுதாகக் கைக்கு வரும். என்ஆர்ஓவில் 30 விழுக்காடு டிடிஎஸ்ஸும் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) அந்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் (கூடுதல் வரி) சேர்த்து 10,920 ரூபாயை வங்கி பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்பப் பெறலாம்தான். ஆனால் நேராக என்ஆர்இக்கு அனுப்பியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

இன்னொன்று, இதுதான் பலருக்குப் பிடிபடாதது. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு நினைத்த நேரத்தில் பணத்தை மாற்றலாம். மறுபக்கம் அப்படியில்லை. என்ஆர்ஓவிலிருந்து என்ஆர்இக்கோ வெளிநாட்டுக்கோ ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான் அனுமதி. வரி தொடர்பான படிவம், தொகையைப் பொறுத்து ஆடிட்டர் சான்று என்று வங்கி கேட்கும்.

மனைவியின் சேமிப்புக் கணக்குக்கே மொத்தத்தையும் அனுப்புவதும் நம்மிடம் பழக்கம்தான். வீட்டுச் செலவுக்கு அது சரி. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அன்பளிப்பு வரி கிடையாது. ஆனால் அதிலிருந்து அவர் எஃப்டி போட்டால் அந்த வட்டியைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், அதற்கு வரியும் உண்டு. ஆகவே மாதச் செலவுக்கானது வீட்டுக்கு, மிச்சம் என்ஆர்இக்கு என்று பிரித்து அனுப்புவதே நல்லது. ஊரில் யாராவது பணம் எடுக்க வேண்டுமென்றால் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அதை வைத்து அவர் உள்ளூர்ச் செலவுகளுக்கு எடுக்கலாம். உங்கள் பணத்தை இன்னொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு எஃப்சிஎன்ஆர் வைப்பு இருக்கிறது. டாலர், பவுண்டு போன்ற வெளிநாட்டுப் பணமாகவே 1 முதல் 5 ஆண்டு வரை போட்டுவைக்கலாம்.

இனி அனுப்பும் வேலை. எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் "கட்டணம் இல்லை" என்ற பலகையைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். 10,000 திர்ஹம் அனுப்பும்போது ஒரு திர்ஹமுக்கு 20 காசு குறைந்தால் 2,000 ரூபாய் போய்விடும். கட்டணத்தை ரேட்டிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் சேரும் என்று கேட்டு, அந்த ஒரு எண்ணை மட்டும் நான்கு இடத்தில் ஒப்பிடுங்கள். படிவத்தில் எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற இடத்தில் குடும்பப் பராமரிப்பு, சேமிப்பு என்று இருக்கும். இந்திய வங்கியில் இதற்கான குறியீடு பி1301. கணக்கு எண்ணோடு அது என்ஆர்இ கணக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். ரசீதைத் தூக்கிப்போட வேண்டாம். பின்னாளில் வீடு வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

நீங்கள் அனுப்புவதை வீட்டில் இருப்பவர்கள் ஊரில் ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. அதில் ஒருமுறைக்கு 2,500 டாலர், ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு 30 முறை என்று வரம்பு. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகத் தரமாட்டார்கள். வங்கி வழியாக இல்லாமல் ஆள்மூலம் பணம் கைமாறும் உண்டியலில் ரேட் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். அது சட்டவிரோதம் என்பதும் உண்மை. ஃபெமாவின்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஊரில் வாங்கிக்கொண்டவரும் மாட்டுவார்.

ஊருக்கே திரும்பி வரும்போதுதான் குழப்பம் அதிகம். வருமான வரிக்கு ஓராண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பது கணக்கு. ஃபெமாவுக்கோ, இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தில் வந்தீர்களா என்பதுதான் பேச்சு. அப்படி வந்துவிட்டால் 182 நாள் ஆகட்டும் என்று காத்திருக்க முடியாது. வங்கியில் உடனே சொல்லி என்ஆர்இ கணக்கைச் சாதாரண கணக்காகவோ ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். என்ஆர்இ எஃப்டி வட்டிக்கான வரிவிலக்கும் அத்தோடு நின்றுவிடும். எஃப்சிஎன்ஆரை மட்டும் முதிர்வு வரை பேசிய வட்டிக்கே தொடரலாம்.

ஆர்எஃப்சி என்பது திரும்பி வந்தவர்கள் டாலரை டாலராகவே வைத்துக்கொள்ளும் கணக்கு. வளைகுடா கம்பெனியின் செட்டில்மென்ட் பணம் நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு வந்தால் அதை இதில் வாங்கலாம். வரியிலும் ஒரு சலுகை இருக்கிறது: முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராகவே வரிக்கணக்கில் இருந்தவருக்கு, திரும்பிய பிறகு முழு உள்நாட்டவராகக் கணக்கிடப்படும் முன் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் இடைநிலை கிடைக்கும். அதுவரை ஆர்எஃப்சி, எஃப்சிஎன்ஆர் வட்டிக்கு வரி இல்லை.

விடுமுறையில் வரும்போது கையில் நோட்டாகக் கொண்டுவருபவர்கள் 5,000 டாலருக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தில் சிடிஎஃப் எனும் நாணய அறிவிப்புப் படிவத்தில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் அவ்வளவு நோட்டையும் என்ஆர்இ கணக்கில் போட வங்கி சம்மதிக்காது.