இரண்டு நிமிட ஹார்மோன்

மாமாவின் வலது கையில் ஒரு துணிக்கிளிப். அதை அழுத்தித் திறந்து மைலோ டின்னின் விளிம்பில் மாட்ட வேண்டும். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. கட்டைவிரல் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. “சுகர் ஏழுக்குள்ளதான் இருக்கு. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்தான் குடிக்கிறேன். கை மட்டும் ஏன்டா வரமாட்டேங்குது?” என்றார்.

சுகர் இறங்கினால் கை வந்துவிடும் என்ற கணக்கு நம் வீடுகளில் பலரும் போடுவதுதான். ஆனால் பக்கவாதத்தில் செத்துப்போன நரம்பணு திரும்பி வராது. அதன் வேலையைப் பக்கத்தில் பிழைத்திருக்கும் அணுக்கள் புது இணைப்புகள் போட்டுக் கற்றுக்கொள்கின்றன. துணிக்கிளிப் பயிற்சியே அதற்காகத்தான். இணைப்பு போட நல்ல ரத்த ஓட்டம் வேண்டும். பல வருட நீரிழிவு மூளையின் நுண்குழாய்களைக் கெடுத்து வைத்திருக்கும், அழற்சியும் சீக்கிரம் அடங்காது. இன்றைய சுகர் அளவு அந்தப் பழைய சேதத்தைக் காட்டாது.

சரி, பக்கவாதம் வந்த உடனேயே இன்சுலின் ஏற்றிச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால்? அமெரிக்காவில் 1,151 நோயாளிகளிடம் செய்துபார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: 90 நாள் கழித்து அவர்கள் நடமாட்டத்தில் கூடுதல் பலன் எதுவும் இல்லை, சிலருக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கியதுதான் மிச்சம்.

இங்கேதான் குடல் கதைக்குள் வருகிறது. சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்துக்குத் தகவல் தருவது அதுதான். பாவம், அதற்கு ஆயுள் குறைவு. டிபிபி-4 என்ற நொதி கத்தரிபோல வெட்டித் தள்ளுவதால் இரண்டு நிமிடத்துக்குள் பாதி காலி. லினாகிளிப்டின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் அந்தக் கத்தரியைக் கட்டிப்போடுகின்றன. ஜிஎல்பி-1 வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் உண்டு.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், 32 வாரம் கொழுப்புத் தீனி கொடுத்து நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கு லினாகிளிப்டினும், சர்க்கரையைக் குறைக்கும் பழைய வகை மாத்திரையான கிளிமெபிரைடும் கொடுத்தார்கள். நடுவில் மூளைக்கு ரத்தம் போகும் குழாயைச் சற்று நேரம் அடைத்தார்கள். நீரிழிவு எலிகளின் நரம்பணுக்களை லினாகிளிப்டின்தான் காப்பாற்றியது. கிளிமெபிரைடு நீரிழிவு இல்லாத எலிகளுக்கு மட்டுமே உதவியது. அப்படியென்றால் காத்தது சர்க்கரைக் குறைப்பு அல்ல, வேறு ஏதோ.

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்க வேண்டுமே! இதே இரண்டு மாத்திரைகளையும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆறு வருடத்துக்கு மேல் ஒப்பிட்டபோது மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆய்வு கேட்ட கேள்வியே வேறு: பக்கவாதம் வருகிறதா என்றுதான் பார்த்தது, வந்தபின் கை எப்படித் தேறுகிறது என்று அல்ல. ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, கத்தரிக்கு எளிதில் சிக்காத செமாகுளுடைடு, டுலாகுளுடைடு ஊசிகள் பக்கவாதம் வருவதைக் குறைத்திருக்கின்றன. ஆனால் தடுப்பது ஒன்று, தேற்றுவது இன்னொன்று.

மாமா தன் மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். மெட்ஃபார்மின், கிளிபிசைடு.

“இதுல எலி மருந்து எதுடா?”

இரண்டும் இல்லை என்றேன். அடுத்த மாதம் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது டாக்டரிடமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கிளிப்பை மறுபடி எடுத்தார்.